ஒரே தேன்சிட்டு, இரு தோற்றம்: புனே தோட்டங்களில் அடையாளம் காண்பது எப்படி?

புனே: வீட்டுத் தோட்டத்துச் செம்பருத்திப் பூவில் சிறகடித்தபடி தேன் அருந்தும் சிறு பறவையைப் பலரும் ஹம்மிங் பறவை என்றே கருதுகின்றனர். ஆனால், ஹம்மிங் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்பவை. இந்தியாவில் காணப்படுவது தேன்சிட்டு. 140-க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட இக்குடும்பத்தில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை.

ஊதாத் தேன்சிட்டு

புனேயில் பரவலாகத் தென்படும் இதன் நீளம் சுமார் 10 செ.மீ. மட்டுமே. அலகு மெலிந்து, கீழ்நோக்கி வளைந்திருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவை தொலைவில் கருமையாகவும், வெயிலில் நீலமும் ஊதாவுமாகவும் மின்னும்.

அக்காலம் முடிந்ததும் அந்த மினுமினுப்பு மறைந்து, பெண் பறவையைப் போல மேற்புறம் பழுப்பாகவும் அடிப்புறம் மஞ்சளாகவும் மாறிவிடும். இதனால் வேறு இனம் எனத் தவறாகக் கணக்கிட வாய்ப்புண்டு. தொண்டையிலிருந்து வயிறு வரை செல்லும் கருங்கோடே அது ஆண் என்பதற்கான முக்கிய அடையாளம். பெண்ணுக்கு அக்கோடு இல்லை.

ஊதாப்பிட்டத் தேன்சிட்டு

இதன் ஆண் பறவைக்கு முதுகு செம்பழுப்பு, மார்பில் அதே நிறப் பட்டை, வயிறு மஞ்சள். இது ஆண்டு முழுவதும் நிறம் மாறுவதில்லை. பெண் பறவைகளைப் பிரித்தறியத் தொண்டையைக் கவனிக்க வேண்டும். வெளிறிய சாம்பல் நிறமெனில் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. மஞ்சளெனில் ஊதாத் தேன்சிட்டு.

விகர்ஸ் தேன்சிட்டு

முதுகும் மார்பும் சிவந்த ஆண் பறவை தென்பட்டால், அது மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதிக்கே உரிய விகர்ஸ் தேன்சிட்டாக இருக்கலாம். ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் ஹென்றி சைக்ஸ், 1832-ல் வெளியிட்ட தக்காணப் பறவைகள் பட்டியலில் இதனை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார்.

கூட்டைக் கலைக்க வேண்டாம்

நார், சருகு, சிலந்தி வலை கொண்டு பெண் பறவை கட்டும் கூடு, கொடியிலோ மின்கம்பியிலோ தொங்கும் குப்பை போலத் தோன்றும். பக்கவாட்டில் நுழைவாயில் இருந்தால் அது தேன்சிட்டின் கூடு. குஞ்சுகளுக்குப் பூச்சிகளே முதன்மை உணவு என்பதால், தோட்டத்தில் பூச்சிக்கொல்லியைத் தவிர்ப்பதும், குஞ்சுகள் பறந்து செல்லும் வரை கூட்டை அகற்றாதிருப்பதும் இப்பறவைக்குப் பேருதவியாகும்.