ஏழு கிலோவும் ஒரு கேமராப் பையும்

கொஞ்சம் நீளமான பதிவு. கேமராவோடு விமானம் ஏறுகிறவர்களும், அப்படி ஏறும் பிள்ளைகளைப் பெற்றவர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

விமானத்தில் கேமராவைக் கையோடு கொண்டுபோக எந்தப் பை வாங்கலாம்? கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் வரலாற்றுப் பாடம் நடத்தியே தலை நரைத்தவனுக்கு, இதற்குப் பின்னால் 170 ஆண்டுக் கதை இருப்பது தெரிகிறது. அந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் பைக்கு வருகிறேன்.

1855. கருங்கடல் ஓரம் கிரிமியாப் போர் நடக்கிறது. இங்கிலாந்திலிருந்து ரோஜர் ஃபென்டன் படம் எடுக்கப் போனார். 5 கேமராக்கள், சுமார் 700 கண்ணாடித் தகடுகள், ரசாயனங்கள், தட்டுமுட்டுச் சாமான்கள் என்று 36 பெரிய பெட்டிகள். கூடவே ஒரு குதிரை வண்டி. ஒயின் வியாபாரி ஒருவரிடம் வாங்கிய பழைய வண்டியை இருட்டறையாக மாற்றிக்கொண்டார்.

இருட்டறை எதற்குக் கூடவே போக வேண்டும்? அன்றைய முறை அப்படி. கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியாக வேண்டும். வெயில் ஏறினால் சில நிமிடங்களில் காரியம் கெட்டுவிடும். ஆகவே எங்கே படம் எடுத்தாலும் அங்கே இருட்டறையும் இருந்தாக வேண்டும்.

அதற்கு மூன்று ஆண்டு கழித்து நம் பக்கம் வருவோம். மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1858இல் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் எல்லாம் சுற்றிப் படம் எடுத்தார். அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். அதை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளலாம், ஈரம் காயுமே என்ற பதற்றம் கிடையாது. எடையும் குறைவு, உடையவும் உடையாது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். அதன் நீளம் 19 அடி. ஊருக்கும் வெயிலுக்கும் ஏற்ற பொருளைத் தேர்ந்தெடுத்ததால் முடிந்த வேலை அது.

எல்லோரும் அப்படிச் சுமையைக் குறைக்கவில்லை. 1863இல் சாமுவேல் போர்ன் சிம்லாவிலிருந்து இமயமலைக்குள் போனபோது, கண்ணாடித் தகடுகளையும் ரசாயனங்களையும் கூடாரத்தையும் தூக்க சுமார் 30 கூலிகள் உடன் போனார்கள். அந்தப் படங்கள் இன்றைக்கும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அழகு. தூக்கியவர்களின் பெயர்தான் நமக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து வருவது இந்தப் பதிவின் முக்கியமான ஆள், ஃபிராங்க் ஹர்லி. ஷாக்கில்டனின் அண்டார்டிகா பயணத்தில் போன ஆஸ்திரேலியப் புகைப்படக்காரர். 1915இல் அவர்களுடைய கப்பல் 'என்டியூரன்ஸ்' பனிக்கட்டிகளுக்கு நடுவே சிக்கி நொறுங்கியது. கண்ணாடி நெகட்டிவ்கள் இருந்த பெட்டிகள் கப்பலுக்குள் தண்ணீரில் மூழ்கிவிட்டன. ஹர்லி மேலாடையைக் கழற்றிவிட்டு, பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் இறங்கி அவற்றை மீட்டார்.

மீட்டு என்ன பயன்? இனி பனியில் சறுக்குவண்டி இழுத்தும் சிறு படகிலும்தான் போக வேண்டும். ஒருவருக்குச் சொந்தப் பொருள் 2 பவுண்டு மட்டும் என்று ஷாக்கில்டன் உத்தரவிட்டிருந்தார். நம் கணக்கில் சுமார் 900 கிராம். இன்று ஏழு கிலோ போதவில்லை என்று நாம் சண்டை போடுகிறோம்!

படங்களுக்கு மட்டும் தனியாகச் சலுகை கிடைத்தது. ஷாக்கில்டனும் ஹர்லியும் பனியில் உட்கார்ந்து ஒவ்வொரு நெகட்டிவாகப் பார்த்தார்கள். சுமார் 120 தேறின. மீதி சுமார் 400 தகடுகளை ஹர்லி அங்கேயே உடைத்துப் போட்டார். உடைக்காமல் வைத்தால், பிறகு மனம் மாறித் திரும்ப எடுக்கத் தோன்றும் அல்லவா? பெரிய கேமராக்களையும் விட்டுவிட்டார். கையில் மிஞ்சியது சட்டைப்பைக்குள் அடங்கும் சின்ன கோடாக் கேமரா ஒன்றும் மூன்று ஃபிலிம் ரோல்களும்தான். 1916 ஆகஸ்டில் எலிஃபன்ட் தீவிலிருந்து மீட்கப்படும் வரை அதை வைத்துத்தான் படம் எடுத்தார்.

விலை உயர்ந்த கேமராவை விட்டார், எடுத்து முடித்த படங்களை வைத்துக்கொண்டார். இதை மனதில் வையுங்கள்.

பிறகு காலம் மாறியது. ஜெர்மனியில் ஆஸ்கர் பர்னாக் என்ற பொறியாளருக்கு ஆஸ்துமா. பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு நடப்பது அவருக்குச் சிரமம். சினிமாவுக்குப் பயன்பட்ட 35 மில்லிமீட்டர் ஃபிலிமை வைத்து அவர் உருவாக்கிய சிறு கேமராதான் 1925இல் விற்பனைக்கு வந்த லைகா. கேமரா கோட்டுப் பைக்குள் வந்துவிட்டது.

அதற்கென்று தனிப் பை வருவதற்கு இன்னும் நாளானது. இங்கிலாந்தில் பில்லிங்ஹாம் என்ற நிறுவனம் மீன் பிடிப்பவர்களுக்காகப் பை தைத்தது. நியூயார்க் புகைப்படக்காரர்கள் அதை வாங்கிக் கேமரா வைக்கிறார்கள் என்று 1970களின் கடைசியில் தெரிய வந்தபிறகுதான் கேமராப் பைக்கே மாறினார்கள். அமெரிக்காவில் ஜிம் டோம்கி என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர், தன் வேலைக்கு ஏற்றபடி மெத்தென்ற கேன்வாஸ் பையைத் தானே வடிவமைத்தார். அதுவும் அதே பத்தாண்டில்தான்.

அதே சமயத்தில் விமான நிலையமும் மாறிக்கொண்டிருந்தது. விமானக் கடத்தல்கள் பெருகியதால், 1973 ஜனவரி முதல் அமெரிக்காவில் பயணிகள் எல்லோரையும் அவர்கள் கைப்பைகளையும் சோதிப்பது கட்டாயமானது. எக்ஸ்ரே வந்தது. ஃபிலிம் கெட்டுவிடுமோ என்ற பயமும் வந்தது. பின்னாளில் சரக்கு அறைக்குப் போகும் பெட்டிகளுக்கு இன்னும் வலுவான கதிர் வந்ததால், ஃபிலிமைக் கையில் வைத்துக்கொள்வதே நல்லது என்று ஆனது.

1987இல் ராபர்ட் பிளாத் என்ற விமானி, பெட்டியை நிமிர்த்திச் சக்கரமும் நீண்ட கைப்பிடியும் வைத்தார். இன்று எல்லோரும் இழுக்கும் டிராலிக்கு மூலம் அதுதான். 2008இல் ஒரு பெரிய அமெரிக்க விமான நிறுவனம் உள்ளே போடும் முதல் பெட்டிக்கே 15 டாலர் என்றது. மற்றவையும் ஒவ்வொன்றாகப் பின்பற்றின. காசு மிச்சம் என்று எல்லோரும் பெட்டியைக் கையோடு இழுத்துவர, தலைக்கு மேல் இருக்கும் தட்டு நிரம்பி வழிந்தது.

அதே 2008இல் இன்னொரு விதியும் அங்கே அமலானது. தனியாக வைத்திருக்கும் லித்தியம் பேட்டரிகளை உள்ளே போடும் பெட்டியில் வைக்கக் கூடாது, கையில்தான் கொண்டுவர வேண்டும். சரக்கு அறையில் தீப்பிடித்தால் யாரும் அங்கே போய் அணைக்க முடியாது. பயணிகள் பக்கம் புகைந்தால் உடனே அணைக்கலாம். இன்று உலகம் முழுக்க இதுதான் நடைமுறை. 100 வாட்-அவர் வரை தடையில்லை. அதற்கு மேல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். சாதாரண கேமரா பேட்டரி 15 வாட்-அவர் அளவில்தான் இருக்கும், கவலை வேண்டாம்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரு விதி, "கையில் வைத்துக்கொள்" என்கிறது. இன்னொரு விதி, "கையில் ஏழு கிலோவுக்கு மேல் வைக்காதே" என்கிறது. இரண்டுக்கும் நடுவில்தான் நம் பை.

என் பழைய மாணவர் ஒருவர் கல்யாண போட்டோகிராபர். பினாங்கில் ஒரு கல்யாணம் ஒப்புக்கொண்டு, "சார், நல்ல டிராலி ஒண்ணு பாத்திருக்கேன், வாங்கிடவா?" என்று போனில் கேட்டார். பொருட்களின் எடையைச் சொல்லச் சொன்னேன். கேமரா இரண்டு, 1.5 கிலோ. 70-200 லென்ஸ் 1.5 கிலோ. 24-70 லென்ஸ் 800 கிராம். ஃபிளாஷ், பேட்டரிகள், சார்ஜர் சேர்த்து ஒன்றரை கிலோ. ஆக 5.3 கிலோ. அவர் பார்த்த டிராலி வெறுமனே 4 கிலோ! "தம்பி, பொட்டியே பாதி எடையைத் தின்னுடுதே" என்றேன். ஒன்றரை கிலோவில் ஒரு முதுகுப்பை வாங்கினார்.

நான் அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பையின் வெற்று எடையை முதலில் கேளுங்கள். இரண்டு கிலோவுக்கு மேல் என்றால் வேண்டாம். அளவு 55 × 35 × 25 செ.மீ.க்குள் இருக்கட்டும், சக்கரம், கைப்பிடி, வெளிப்பை எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். விமான நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு கொஞ்சம் மாறும், டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன ஊர்களுக்குப் போகும் ஏடிஆர் விமானத்தில் மேல்தட்டு சிறியது. அங்கே கெட்டியான பெட்டி ஏறாது, மெத்தென்ற பை அமுங்கி உட்காரும். டிரைபாடையும் லைட் ஸ்டாண்டையும் துணிகளுக்கு நடுவில் சுற்றி உள்ளே போடும் பெட்டியில் வையுங்கள்.

மிக முக்கியம், பைக்குள் ஒரு சின்னப் பை. ஜிப் வைத்த துணிப்பை போதும். அதில் மெமரி கார்டுகள், தனி பேட்டரிகள், படங்களைப் பிரதி எடுத்த ஹார்ட் டிஸ்க். விமான வாசலில், "இடமில்லை, பையைக் கொடுங்கள், கீழே போடுகிறோம்" என்று சொன்னால், அந்தச் சின்னப் பையை உருவிக்கொண்டு மற்றதைக் கொடுக்கலாம். பேட்டரிகளை அப்போது எடுத்தே ஆக வேண்டும், அது விதி. கார்டுகளை எடுக்கச் சொல்லி எந்த விதியும் இல்லை, நமக்காக நாம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கேமரா போனால் இன்னொன்று வாங்கலாம், இன்ஷூரன்ஸ் இருந்தால் பணமும் வரும். ஒரு பெண்ணின் தாலி கட்டும் நேரத்தை இரண்டாம் முறை எடுக்க முடியுமா?

பினாங்கிலிருந்து திரும்பும்போது அவரிடம் வாசலில் பையை வாங்கிக்கொண்டார்கள். சின்னப் பை சட்டைக்குள் இருந்தது. சென்னையில் இறங்கியபோது ஒரு லென்ஸின் முன்கண்ணாடி விரிசல். கல்யாணப் படங்கள் ஒன்றும் போகவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு ஆல்பம் சொன்ன தேதிக்குப் போய்விட்டது. லென்ஸ் இன்னும் ரிப்பேர் கடையில் இருக்கிறது.

அடுத்த பயணத்துக்கு முன் வீட்டுத் தராசில் பையை ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். உங்கள் சின்னப் பையில் என்னென்ன வைப்பீர்கள் என்று கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்கும் உதவும்.