நீராடும் அறையில் மின்சாரம்

நீரும் நெருப்பும் ஒன்றுக்கொன்று பகை என்பது உலகறிந்த உண்மை. ஆனால் நீரும் மின்சாரமும் அவ்வாறல்ல. அவை எளிதில் நட்புக் கொள்வன. அந்த நட்பே மனிதனுக்குப் பகையாய் முடிகின்றது. இந்த ஆபத்தை உணர்ந்து, குளியலறையின் விளக்குக்கும் விசிறிக்கும் விதிகள் வகுத்த நாடுகளுள் இங்கிலாந்து முக்கியமானது. விதி பிறந்த காலத்துக்கும், அது வாடகைக்குக் குடியிருக்கும் ஏழையின் வாயிலை எட்டிய காலத்துக்கும் இடையே நெடிய இடைவெளி உண்டு. அந்த இடைவெளியின் வரலாறு அறியத்தக்கது.

உலர்ந்த தோல் மின்னோட்டத்தை ஓரளவு தடுத்து நிற்கும். நனைந்த தோலோ அத்தடையைப் பெரிதும் இழந்துவிடும். நீராடுபவன் பாதத்தில் செருப்பில்லை, உடலில் ஆடையில்லை, கைக்கு எட்டும் இடமெங்கும் நிலத்தோடு தொடர்புடைய உலோகக் குழாய்கள். கூடத்தில் ஓர் அதிர்ச்சியோடு போகக்கூடிய பழுது, குளியலறையில் உயிரையே கொண்டுபோகலாம்.

நோர்தம்பர்லாந்திலுள்ள கிராக்சைட் மாளிகையில் 1880ஆம் ஆண்டில் ஜோசப் சுவானின் மின்குமிழ்கள் ஒளிவிட்டன. 1881இல் இலண்டன் சவோய் அரங்கு மின்னொளி பெற்றது. மறு ஆண்டே, தந்திப் பொறியியலாளரும் மின்னியலாளரும் அமைத்திருந்த சங்கம், மின்விளக்கால் நேரும் தீவிபத்தைத் தடுப்பதற்கான விதிகளை வெளியிட்டது. சில பக்கங்களே கொண்ட அச்சிறு வெளியீடுதான் பிற்காலத்தில் பெருநூலாக வளர்ந்த பிரித்தானிய மின்கம்பியமைப்பு விதிகளின் முதற்பதிப்பு.

அதன் தலைப்பே காலத்தின் மனநிலையைக் காட்டும். மனிதனுக்கு நேரும் அபாயம் பற்றியும் அதில் ஒரு பகுதி இருந்தது எனினும், முன்னின்ற அச்சம் தீயைப் பற்றியதே. உருகி எனப்படும் காவலாளியும் அந்த நோக்கத்துக்கே ஏற்றவன். கம்பி தாங்காத அளவு மின்னோட்டம் பாயும்போது அது உருகி, வீட்டைக் காக்கும். ஆனால் மனிதனின் இதயத்தை நிறுத்துவதற்கு அவ்வளவு மின்னோட்டம் வேண்டியதில்லை. 60 உவாற்று மின்குமிழ் 230 வோல்ற்றில் இழுப்பது ஏறக்குறைய கால் அம்பியர். அதனிலும் மிகச் சிறிய அளவே உயிரைப் பறிக்கப் போதுமானது. ஐந்து அம்பியர் உருகிக்கு அந்தச் சிறிய ஓட்டம் கண்ணிலேயே படாது. வீட்டைக் காத்த காவலாளி வீட்டிலுள்ளவனைக் காக்கவில்லை.

ஆகவே குளியலறைக்கென்று தனி விதிகள் வளர்ந்தன. சுவரில் உள்ள ஆளி ஈரக்கைக்கு எட்டாதவாறு அகற்றப்பட்டது. அதற்குப் பதிலாகக் கூரையில் ஆளியைப் பொருத்தி, மின்கடத்தாக் கயிறொன்றைத் தொங்கவிட்டனர். இன்றும் ஆங்கிலேயர் வீட்டுக் குளியலறைகளில் தொங்கும் கயிற்றின் காரணம் இதுவே. மின்குமிழ் பொருத்தும் தாங்கியின் உலோகப் பகுதியில் விரல் படாதபடி காப்புறை வேண்டும் எனவும் விதிக்கப்பட்டது. குழாய்களையும் பிற உலோகப் பொருள்களையும் கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்து, அவற்றிடையே ஆபத்தான மின்னழுத்த வேறுபாடு தோன்றாதவாறு செய்தனர்.

பின்னர் வந்த விதிகள் குளியலறையை வலயங்களாகப் பிரித்தன. தொட்டியின் உட்புறம் சுழிய வலயம். அங்கே 12 வோல்ற்றுக்கு மேற்படாத மின்சாரமே தகும். தொட்டிக்கு மேலே, தரையிலிருந்து 2.25 மீற்றர் உயரம் வரை முதலாம் வலயம். அதற்கப்பால் 60 சென்ரிமீற்றர் அகலம் இரண்டாம் வலயம். இவ்விரண்டிலும் அமையும் விளக்கும் விசிறியும் நீர் தெறித்தாலும் பழுதுறாதவையாக இருத்தல் வேண்டும். நீராவியை வெளியேற்றும் விசிறி பெரும்பாலும் தொட்டிக்கு அண்மையிலேயே அமைவதால், தாழ்ந்த மின்னழுத்தத்தில் இயங்கும் விசிறியை அங்கே வைத்து, அதன் மின்மாற்றியை வலயங்களுக்கு வெளியே நிறுத்தும் வழக்கமும் உண்டு. சாளரமில்லாத குளியலறையில் விசிறி ஆடம்பரமன்று. அது இல்லையேல் ஈரமும் பூஞ்சணமும் சுவரைப் பற்றும்.

2008ஆம் ஆண்டின் பதினேழாம் பதிப்பு இன்னுமொரு படி முன்னேறிற்று. குளியலறைக்குச் செல்லும் மின்சுற்று ஒவ்வொன்றுக்கும், வழக்கில் ‘ட்ரிப் சுவிச்’ எனப்படும் கருவி வேண்டும் என்றது. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று அக்கருவி இடையறாது நோக்கும். 30 மில்லி அம்பியர் அளவு வேறுபட்டாலே, கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும். உருகி காணாததை இது கண்டது.

விதி நூலிலே எல்லாம் செவ்வையாயிற்று. வாடகை வீட்டிலோ? புதிய பதிப்பு புதிய வேலைகளுக்கே உரியது. பழைய கம்பிகள் பழையபடியே கிடந்தன. அவற்றை மாற்றும் உரிமை குடியிருப்பவனுக்கு இல்லை. மாற்றும் உரிமையுள்ள சொந்தக்காரரோ அந்த அறையில் நீராடுவதில்லை. 1961ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டமும், பின்னர் 1985ஆம் ஆண்டின் சட்டமும், குறுகிய காலக் குத்தகைகளில் மின்னமைப்பைச் சீராக வைத்திருக்கும் கடமையைச் சொந்தக்காரர்மீது சுமத்தின. எனினும், பழுது கண்ணுக்குத் தெரிந்த பின்னரே முறையிட முடியும். மின்சாரத்தின் பழுதோ சுவருக்குள் மறைந்திருப்பது.

ஆகவே முறையீட்டுக்குக் காத்திராத சோதனை தேவைப்பட்டது. ஸ்கொட்லாந்து 2015இல் இதனைத் தொடங்கிற்று. இங்கிலாந்தில் 2020ஆம் ஆண்டு யூலை முதல் புதிய வாடகை உடன்படிக்கைகளுக்கும், 2021 ஏப்பிரில் முதல் பழையவற்றுக்கும், தகுதி வாய்ந்தவரைக் கொண்டு ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் மின்னமைப்பைச் சோதிப்பது கட்டாயமாயிற்று. அறிக்கையின் பிரதியை 28 நாளுள் குடியிருப்பவரிடம் கொடுத்தல் வேண்டும். அபாயம் எனக் கண்டவற்றை 28 நாளுள், அறிக்கை கோரின் அதற்கும் முன்னர், திருத்துதல் வேண்டும். தவறுவோருக்கு 30,000 பவுண் வரை தண்டம் என்றும் அப்போது விதிக்கப்பட்டது.

1882க்கும் 2020க்கும் இடையே 138 ஆண்டுகள். ஆபத்தை அறிவதற்கு அறிவியலுக்கு அவ்வளவு காலம் வேண்டியிருக்கவில்லை. அறிந்ததை, தனக்குச் சொந்தமில்லாத கூரையின் கீழ் வாழ்பவனுக்கும் உரியதாக்கச் சமுதாயத்துக்குத்தான் அவ்வளவு காலம் சென்றது. நூலில் எழுதிய விதி ஒருவனையும் காப்பதில்லை. வீட்டின் கதவைத் தட்டி உள்ளே சென்று பார்க்கும் விதியே காக்கும்.