ஹேண்டில்பார் மாத்தப் போறீங்களா? முதல்ல பிரேக் ஹோஸைப் பாருங்க!

நத்தத்திலிருந்து திண்டுக்கல் போகும் ரோட்டில், சிறுமலைப் பிரிவில் திரும்பினால் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எல்லா க்ரூஸர் பைக்கும் கெத்துதான். இறங்கும்போதுதான் பிரேக் எப்படி இருக்குன்னு தெரியும். உயரமான ஹேண்டில்பார், நீளமான ஃபோர்க், குண்டு டயர் என்று முன்பக்கத்தை மாத்தும் ஆசை உங்களுக்கும் இருந்தால், பட்டறைக்குப் போகும் முன் இதைப் படிச்சிடுங்க.

முன் பிரேக் ஏன் முக்கியம்?

பிரேக் பிடித்ததும் பைக்கின் எடை முன்பக்கம் சாயும். முன் டயர் ரோட்டை அழுத்திப் பிடிக்கும், பின் டயர் லேசாகிவிடும். அதனால், பைக்கை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. 60 கி.மீ வேகத்தில் போகும் பைக், ஒரு நொடியில் சுமார் 16.7 மீட்டர் கடக்கும். காய்ந்த ரோட்டில் பின் பிரேக்கை மட்டும் மிதித்தால், இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிப்பதைவிட ஏறத்தாழ இரு மடங்கு தூரம் போய்த்தான் நிற்கும்.

1969-ல் வந்த 'ஈஸி ரைடர்' படத்தின் 'கேப்டன் அமெரிக்கா' சாப்பர் உலகம் முழுக்க ஃபேமஸ். அந்த பைக்குக்கு முன் பிரேக்கே கிடையாது! போஸ்டரில் பார்க்க சூப்பர். மலை ரோட்டுக்கு ஆகாது.

எதை மாத்தினா என்ன ஆகும்?

*உயரமான ஹேண்டில்பார்:* 'ஏப் ஹேங்கர்' போட்டால் பழைய பிரேக் ஹோஸ் எட்டாது. அதை இழுத்து மாட்டினால், ஹேண்டிலை முழுசா திருப்பும்போது பிய்ந்துவிடலாம். சரியான நீளத்தில் புது ஹோஸ் போடுங்க. ஹோஸின் இரு முனையிலும் வரும் காப்பர் வாஷரையும் புதுசாக மாத்தச் சொல்லுங்க. கைப்பிடி தோளுக்கு மேலே போனால் கன்ட்ரோல் குறையும், கையும் சீக்கிரம் மரத்துப்போகும்.

*நீளமான ஃபோர்க்:* முன் வீல் தள்ளிப் போவதால், மெதுவாகத் திரும்பும்போது ஹேண்டில் ஒரு பக்கமாக விழும். பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க்கை வளைக்கும் விசையும் கூடும். இதை வெல்டிங் வைத்துச் செய்யவே கூடாது.

*வேற சைஸ் வீல்:* 2020-ல் வந்த ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350-ஐ எடுத்துக்குவோம். முன்னால் 19 இன்ச் வீல், 300 மி.மீ டிஸ்க், பின்னால் 17 இன்ச் வீல், 270 மி.மீ டிஸ்க். ஏபிஎஸ் இந்த அளவுகளை வைத்துத்தான் வீல் வேகத்தைக் கணக்குப் போடுகிறது. அளவு மாறினால் கணக்கும் தப்பும். ஏபிஎஸ் லைட் தொடர்ந்து எரிந்தால், பல்பைக் கழற்றிவிட்டு ஓட்டாதீங்க.

பிரேக் ஆயிலில் தண்ணீர்

டாட் 4 பிரேக் ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும். ஆனால், அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயிலுக்கான குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். மலையிறக்கத்தில் பிரேக்கைப் பிடிச்சிக்கிட்டே வந்தால் காலிப்பர் சூடாகி, ஆயிலில் ஆவிக்குமிழ் வரும். லீவர் பொசுக்கென்று உள்ளே போய்விடும். அதனால், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாத்துங்க. இறக்கத்தில் கியரைக் குறைத்து, இன்ஜின் பிரேக்கிங்கில் வாங்க.

டெலிவரி எடுக்கும் முன் 4 செக்

1. ஹேண்டிலை இரு பக்கமும் முழுசா திருப்புங்க. ஹோஸோ கேபிளோ இழுபடக் கூடாது, டயரில் உரசக் கூடாது.

2. முன் லீவரை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிங்க. மெல்ல உள்ளே இறங்கினால் எங்கோ கசிவு. ஸ்பான்ஜ் மாதிரி இருந்தால் உள்ளே காற்று. சில ஏபிஎஸ் பைக்குகளில் காற்றை எடுக்க டயக்னாஸ்டிக் கருவி வேண்டும். அதற்கு சர்வீஸ் சென்டர்தான் சரி.

3. காலிப்பர் போல்ட்டை டார்க் ரென்ச்சில் இறுக்கியதைக் கண்ணால் பாருங்க.

4. காலி மைதானத்தில் முதலில் 20, அப்புறம் 40 கி.மீ வேகத்தில் பிரேக் பிடித்துப் பாருங்க. அதுக்கப்புறம்தான் ரோடு.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி விவரங்கள் கம்பெனி கொடுத்த ஒரிஜினல் ஸ்பெசிஃபிகேஷனிலிருந்து மாறும்படி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தப்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஃபோர்க்கை நீட்டும் ஐடியா இருந்தால், ஆர்.டி.ஓ ஆபீஸில் கேட்காமல் இறங்காதீங்க.

பட்ஜெட் கையைக் கடிக்குதா? ஹேண்டில்பாரைத் தள்ளிப்போடுங்க. அந்தக் காசில் நல்ல பிரேக் பேடும், புது ஆயிலும், நல்ல முன் டயரும் வாங்குங்க. 18-வது வளைவிலிருந்து பத்திரமாக இறங்கி வந்து டீ குடிக்கிறதுதான் உண்மையான கெத்து!