மஞ்சள் கரிசலாங்கண்ணியும் வெடேலியாவும்

மர நிழலில் புல் வரலைன்னு நர்சரியில் கேட்டால், அவர்கள் எடுத்துத் தரும் செடிகளில் ஒன்று வெடேலியா. தரையோடு படரும், மஞ்சள் பூ, பராமரிப்பே வேண்டாம். சிக்கல் என்னன்னா, இதையே ‘மஞ்சள் கரிசலாங்கண்ணி’ன்னு நம்பிக் கீரையாகப் பறிப்பவர்களும் உண்டு.

இரண்டும் வேறு செடிகள். லின்னேயஸ் நம்மூர்க் கரிசலாங்கண்ணிக்கு 1753-ல் ‘வெர்பெசினா கேலண்டுலேசியா’ என்றும், அமெரிக்க வெப்பமண்டலச் செடிக்கு 1759-ல் ‘சில்பியம் டிரைலோபேட்டம்’ என்றும் பெயரிட்டார். பிறகு இரண்டும் வெடேலியா என்ற ஒரே பேரினத்துக்குள் வந்தன. 1996-ல் ஸ்பக்னெட்டிகோலா ஆயின. முதல் பெயர் இத்தனை முறை மாறியும் ‘டிரைலோபேட்டா’, அதாவது மூன்று மடல், நிலைத்துவிட்டது. அடையாளமும் அதுதான். இலை மூன்று மடலாகப் பிரிந்தால் அமெரிக்கச் செடி. மடலின்றி நீண்டு ஒடுங்கியிருந்தால் நம்முடையது.

வெடேலியா கணுவுக்குக் கணு வேர்விடும், வெட்டிப்போட்ட துண்டும் முளைக்கும். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகள் பட்டியலில் இதுவும் இருக்கிறது. தென்னேரி மாதிரி ஏரிப்பாசன ஊரில் கழித்த கொடியைக் கால்வாய் ஓரம் கொட்டினால், தண்ணீரே அதை வயலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். நிழலுக்கு நம்மூர்க் கரிசலாங்கண்ணியையே வைக்கலாமே? அதுவும் படரும், பூக்கும். வாங்கும்போது பூவை விடுங்கள், இலையைப் பாருங்கள்.