ஊசி முனையில் ஓர் உரிமை

ஒரு சிறுமிக்கு ஊசியில் நூல் கோக்கக் கற்பிப்பது எளிய வீட்டுப்பணி என்றே நாம் எண்ணுகிறோம். வெளிமாநிலங்களில் வாழும் நம் நேயர்களுள் குமரி மாவட்டத்தினர் பலர் உளர். அவர்தம் முன்னோர் ஊரில் இப்பணி மானத்தோடும் விடுதலையோடும் பிணைந்திருந்த வரலாறு நினைக்கத்தக்கது.

அப்பகுதி அன்று திருவிதாங்கூர் அரசில் அடங்கியிருந்தது. நாடார் முதலிய சமூகத்துப் பெண்கள் மேல்சாதியார் முன்னிலையில் மார்பை மறைத்தல் கூடாது என்பது அங்கு நிலவிய வழக்கம். 1819-இல் இலண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் நாகர்கோவிலுக்கு வந்தனர். அங்கே தொடங்கிய பெண்கள் பள்ளியில் எழுத்தோடு தையலும் கற்பிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் லேஸ் பின்னலும் சேர்ந்தது. திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் பின்னும் நுண்பணி அது. ஐரோப்பியர் அதனை விலை கொடுத்து வாங்கினர். அடிமைக் குடும்பங்களிற் பிறந்த சிறுமியர் சிலர், அவ்வூதியத்தைச் சேர்த்துத் தம் விடுதலையையே விலைக்குப் பெற்றனர் என்று மிஷன் குறிப்புகள் கூறுகின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்ததோ 1855-இல்தான்.

மிஷன் பெண்மணிகள் மாதர்க்கென ஒரு தளர்ந்த சட்டையையும் வகுத்தனர். சிரியன் கிறித்தவரும் மாப்பிள்ளைமாரும் அணிந்த குப்பாயத்தை ஒத்தது அது. 1829-ஆம் ஆண்டு அரசாணை குப்பாயத்தை அனுமதித்தது. தோள்மேல் இடும் சீலையைத் தடுத்தது. ஆயினும் பெண்கள் சீலையையும் விடவில்லை. சந்தைகளில் அவர்தம் ஆடைகள் கிழிக்கப்பட்டன. பள்ளிகளும் ஆலயங்களும் எரிக்கப்பட்டன. 1858-இல் கலவரம் மீண்டும் மூண்டது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் வற்புறுத்தவே, 1859 ஜூலை 26-இல் புதிய ஆணை பிறந்தது. நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம். ஆனால் மேல்சாதிப் பெண்டிரைப்போல் உடுத்தலாகாது என்றது அவ்வாணை. முழு உரிமைக்கு இன்னும் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது.

போராட்டத்தை ஊசி மட்டுமே வென்றது என்று சொல்வதற்கில்லை. அடியும் இழிவும் ஏற்று நிமிர்ந்து நடந்த பெண்களின் துணிவே அதனை வென்றது. எனினும் கைத்தொழில் அவர்களுட் சிலருக்குச் சொந்த வருவாயைத் தந்தது. பிறர் கையை எதிர்பாராது வாழலாம் என்ற உறுதியையும் தந்தது.

மும்பையிலோ தில்லியிலோ உங்கள் மகளோ மகனோ அறுந்த பொத்தானைத் தைக்கக் கற்கும்போது, இக்கதையையும் உடன் சொல்லுங்கள். தையல் பழகும் கை, தன் முன்னோரின் மானத்தையும் அறிந்துகொள்ளட்டும்.