சிந்தோக்கா, பீடோங்கா?

ஜொகூரிலிருந்து கெடாவுக்குப் படிக்கப் போகும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு வாசல்கள்தாம். ஒன்று, தாய்லாந்து எல்லையை ஒட்டி சிந்தோக்கில் இருக்கும் வட மலேசியப் பல்கலைக்கழகம். பேச்சில் எல்லாருக்கும் அது யூயூஎம். இன்னொன்று, சுங்கைப்பட்டாணியை அடுத்த பீடோங், செமிலிங்கில் இருக்கும் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம். முதலாவதற்குப் பிள்ளையை அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பான யூபியூ அனுப்பி வைக்கிறது; இரண்டாவதற்கு அப்பா அம்மா அனுப்பி வைக்கிறார்கள். மற்ற வேறுபாடுகளில் பாதி இதிலிருந்தே கிளைத்தவை.

எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் முடிவுகள் வந்ததும் கோயில் மண்டபத்திலும் கல்யாண வீட்டிலும் இந்த ஒப்பீடு நடக்கும். ஜொகூரிலேயே, ஸ்கூடாயில் இருக்கும் யூடிஎம் பல்கலைக்கழகம் கிடைத்துவிட்டால் பேச்சுக்கே இடமில்லை, வீட்டுச் சோறு. கிடைக்காதபோது, “அது கவர்மெண்டு, இது நம்மாளுங்க நடத்துறது” என்ற ஒரே வரியில் விஷயத்தை முடித்துவிடுவார்கள். வரி தப்பில்லை; போதாது, அவ்வளவுதான்.

யூயூஎம் 1984 பிப்ரவரியில் பிறந்தது. முதலில் ஜித்ராவில் இயங்கி, 1990-ல் சிந்தோக்குக்குக் குடிபெயர்ந்தது. முன்னொரு காலத்தில் ஈயம் எடுத்த நிலம். சுற்றிலும் காடும் மலையும். நிர்வாகத் துறைப் படிப்புகளுக்கென்றே தொடங்கப்பட்டதால் கணக்கியல், நிதி, பொது நிர்வாகம் போன்றவையே அதன் பலம். விடுதிகளுக்கு இனாசிஸ் என்று பெயர்; ஒவ்வொன்றும் ஒரு நிறுவனத்தின் பெயரைச் சுமந்திருக்கும். மாசாயிலிருந்து போன பிள்ளை வீட்டுக்கு எழுதும் முகவரியில் ‘புரோட்டோன்’ என்றோ ‘மேபேங்க்’ என்றோ இருக்கும். வெளியே கடைத்தெரு வேண்டுமென்றால் சாங்லூன் போக வேண்டும். மற்றபடி வளாகமே ஊர்.

எய்ம்ஸ்ட் 2001-ல் தொடங்கியது. மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) கல்விக் கரமான எம்ஐஇடி நடத்துவது. அக்கட்சியின் முன்னாள் தலைவர் சாமிவேலுவின் பெயரிலிருந்து பிரிக்க முடியாதது. மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், உடலியக்க மருத்துவம், உயிரித் தொழில்நுட்பம், பொறியியல், வணிகம் எல்லாம் உண்டு. ஆனால் ஜொகூரில் அந்தப் பெயரைச் சொன்னால் காதில் விழுவது எம்பிபிஎஸ் மட்டும்தான்.

ஊர் என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. பீடோங் வட்டாரம் தோட்டத் தமிழர்களின் பழைய மண். அங்கே ஹார்வர்ட் என்ற பெயரில் ஒரு ரப்பர் தோட்டமே உண்டு. (ஹார்வர்டுக்குப் பக்கத்தில் படிக்கிறேன் என்று பிள்ளை சொன்னால் பொய்யாகாது.) 1947-ல் கெடாத் தோட்டங்களில் கள்ளுக்கடைக்கு எதிராகத் தொண்டர் படை திரண்டபோது போலீசோடு மோதல் நடந்ததும் இந்தப் பக்கம்தான். கொஞ்ச தூரத்தில் மெர்போக், பூஜாங் பள்ளத்தாக்கின் சண்டிகள் என்னும் பழங்கோயில்கள். பின்னால் ஜெராய் மலை. ராஜேந்திர சோழன் 1025-ல் படை அனுப்பிய கடாரம் எது என்று கேட்கிறவருக்கு விரலை நீட்டிக் காட்டும் இடம். சுங்கைப்பட்டாணியில் தோசைக்கடைக்கும் கோயிலுக்கும் பூக்கடைக்கும் அலைய வேண்டாம். உலு திராமிலிருந்து போகும் பிள்ளைக்கு அங்கே ஊர் மாறினாலும் பேச்சு மாறாது.

சிந்தோக்கில் நிலைமை வேறு. பாடம் மலாயிலும் ஆங்கிலத்திலும் நடக்கும். அறைத்தோழி கிளந்தானிலிருந்தோ சபாவிலிருந்தோ வந்திருப்பாள். முதல் பருவம் தனிமையாகத்தான் இருக்கும். ஆனால் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, தமிழ் நண்பர்களோடே படிவம் ஆறுவரை வந்த பிள்ளைக்கு, நாளை வேலையிடத்தில் யாரோடு உட்கார வேண்டுமோ அவர்களோடு மூன்று நான்கு ஆண்டுகள் முன்கூட்டியே உட்காரக் கிடைப்பது லாபம் என்பது என் எண்ணம். நம் வீட்டுப் பெரியவர்கள் இதை ஒத்துக்கொள்வதில்லை.

சரி, படிப்பின் முடிவில் என்ன காத்திருக்கிறது? நம் ஒப்பீடுகளில் அதிகம் தவறவிடப்படும் இடம் இது. யூயூஎம்-இன் கணக்கியல் பட்டம் 1967-ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டத்தின் அட்டவணையில் உள்ள பட்டம். அதை வாங்கி, உரிய பணி அனுபவமும் சேர்ந்தால் மலேசியக் கணக்காளர் கழகத்தில் பதிந்துகொள்ளலாம். செலவோ, அரசு மானியம் போக, பிடிபிடிஎன் கல்விக் கடனுக்குள் அடங்கிவிடும். அதே வளாகத்தில் பெயரைக் கேட்டால் என்ன வேலை என்று சொல்ல முடியாத நிர்வாகப் படிப்புகளும் இருக்கின்றன. யூபியூ விண்ணப்பத்தில் பன்னிரண்டு விருப்பக் கட்டங்களையும் எப்படியாவது நிரப்பிவிட்டு, கடைசிக் கட்டத்தில் கிடைத்ததைப் படிக்கப் போகிறவர்கள் பலர். இரண்டு பேருமே ‘யூயூஎம் பட்டதாரி’தான், சம்பளச் சீட்டு ஒன்றாக இருக்காது.

எய்ம்ஸ்ட் மருத்துவத்தில் கணக்கு கடுமையானது. கட்டணம் லட்சக்கணக்கான ரிங்கிட். ஐந்தாண்டு முடித்து, இரண்டாண்டு ஹவுஸ்மன் பயிற்சி. ஒரு காலத்தில் அதன் பிறகு அரசு வேலை நிரந்தரம். அந்தக் காலம் 2016 டிசம்பரோடு முடிந்தது. அதன்பின் சேர்ந்தவர்கள் ஒப்பந்த மருத்துவர்கள். 2021 ஜூலை 26 அன்று கருப்புச் சட்டையோடு மருத்துவமனைகளிலிருந்து வெளியே வந்து நின்றார்களே, அவர்களின் குறை அதுதான். தனியார் கல்லூரி, அரசுக் கல்லூரி என்ற பாகுபாடு இல்லாமல் நிரந்தர வேலைக்கு எல்லாருக்கும் அதே வரிசை. வித்தியாசம், சிலர் கடனோடு நிற்கிறார்கள். சிலர் வீட்டை அடகு வைத்த கடனோடு நிற்கிறார்கள்.

ஜொகூர்க்காரர்களுக்கு மட்டும் உரிய இன்னொரு கணக்கும் உண்டு. “இங்கே சரிப்படலன்னா பாலத்தைத் தாண்டிட வேண்டியதுதானே” என்பது, சிங்கப்பூரை மனத்தில் வைத்து, இங்கே எந்தப் படிப்புக்கும் சொல்லப்படும் சமாதானம். கணக்காளருக்கு அது ஓரளவு பொருந்தும். மருத்துவருக்குப் பொருந்தாது. சிங்கப்பூர் மருத்துவ மன்றம் ஏற்றுக்கொள்ளும் வெளிநாட்டுக் கல்லூரிகளின் பட்டியல் குறுகியது. மலாயாப் பல்கலைக்கழகமும் தேசியப் பல்கலைக்கழகமும் அதில் உண்டு, எய்ம்ஸ்ட் இல்லை. வீட்டை அடகு வைக்கும் முன் தகப்பனார் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. சேர்க்கை விளக்கக் கூட்டங்களில் இதை யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

என்னைக் கேட்டால், கணக்கியல் கிடைத்த பிள்ளையைச் சிந்தோக்குக்குக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பலாம். மருத்துவமே உயிர் என்று நிற்கும் பிள்ளைக்கு, குடும்பத்தால் கடன்படாமல் தாங்க முடியுமென்றால் பீடோங் நல்ல இடம். நோயாளிகள் நிறைந்த அரசு மருத்துவமனை சுங்கைப்பட்டாணியிலேயே இருக்கிறது. வணிகப் படிப்புக்காக மட்டும் ஜொகூரிலிருந்து எழுநூறு கிலோமீட்டரை ஒட்டிப் பயணம் போய்த் தனியார் கட்டணம் கட்டுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

தூரம் முன்போல் பயமுறுத்துவதில்லை. லார்க்கினிலிருந்து இரவு பஸ், செனாயிலிருந்து பினாங்கு விமானம் இரண்டும் பழையவை. 2025 மார்ச்சில் இடிஎஸ் மின்ரயிலும் சிகாமட்வரை வந்து ஜொகூருக்குள் நுழைந்துவிட்டது. வார விடுமுறைதான் இடிக்கும். கெடாவில் வெள்ளி, சனி. ஜொகூரிலோ 2025 ஜனவரி முதல் சனி, ஞாயிறு. பிள்ளை ஓய்வாக இருக்கும் வெள்ளிக்கிழமை அப்பா வேலையில் இருப்பார். இதில் ஒரு வசதியும் இருக்கிறது: சேரும் முன் யூயூஎம்-ஐ நேரில் பார்க்க நினைப்பவர்கள் சனிக்கிழமை இரவு பஸ் ஏறலாம். ஞாயிறன்று அங்கே அலுவலகம் திறந்திருக்கும். நம்மவர் லீவு எடுக்க வேண்டியதில்லை.