தனி வழிக்குத் துணை

ஜெர்மனியில் தனியாகச் சுற்றிவிட்டு வந்தேன் என்று சொன்னால், கேட்கிறவர்கள் உடனே ஒரு கேள்வி போடுகிறார்கள். "பாஷை தெரியாத ஊரில் பேச்சுத் துணைக்கு என்ன செய்தீர்கள்?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஜெர்மானியர் நேரம் தவறமாட்டார்கள், அநாவசியமாக ஒரு வார்த்தை பேசவும் மாட்டார்கள் என்று ஓர் அபிப்பிராயம் உண்டு. அதில் பாதி உண்மைதான். ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர், "எந்த ஊர், என்ன உத்தியோகம், எத்தனை குழந்தைகள்?" என்று விசாரிப்பதில்லை. ஆனாலும் கொலோன், நூரென்பெர்க், லைப்ஸிக் என்று மூன்று வாரம் நான் அலைந்ததில், பேச ஆளில்லாமல் ஓர் இரவும் படுத்ததில்லை. அதற்கு என் சாமர்த்தியம் காரணம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தனியாக வருகிறவனுக்குத் துணை சேர்த்து வைக்கும் ஏற்பாடு ஒன்று அந்த நாட்டில் பல நூற்றாண்டுகளாக இருந்து வருகிறது. அந்த ஏற்பாட்டின் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

1490ஆம் ஆண்டு ஈஸ்டர் பண்டிகை முடிந்ததும், நூரென்பெர்க் நகரத்துப் பொற்கொல்லர் ஒருவர் தம் மகனை ஊரை விட்டு அனுப்பி வைத்தார். பையன் குற்றம் ஒன்றும் செய்யவில்லை. ஓவியர் மிக்கேல் வோல்கெமுட்டிடம் தொழில் பழகி முடித்துவிட்டான். பழகி முடித்தவன் வெளியூர்களுக்குப் போய்ப் பல ஆசான்களிடம் வேலை பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது அக்கால வழக்கம். பையனுக்கு வயது பதினெட்டு. பெயர் ஆல்பிரெக்ட் ட்யூரர்.

1492இல் அவன் கோல்மார் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தான். செப்புத் தகட்டுச் சித்திரத்தில் ஈடிணையற்றவர் என்று பெயர் பெற்ற மார்ட்டின் ஷோன்கௌவரைப் பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. போனால், அவர் முந்திய ஆண்டே இறந்துவிட்டிருந்தார்! எவரை நம்பி நடந்து வந்தானோ அவர் இல்லை; ஊரோ புதிது. ஆனால் ஷோன்கௌவரின் சகோதரர்கள் அந்தப் பையனை வரவேற்று அன்போடு வைத்துக்கொண்டார்கள். பாஸல் நகரத்தில் இருந்த இன்னொரு சகோதரரும் அப்படியே. 1494இல் ட்யூரர் ஊர் திரும்பினான். அவன் பிற்காலத்தில் ஐரோப்பா அறிந்த மேதை ஆனது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால், அறிமுகமில்லாத ஒரு வாலிபனுக்குச் சில குடும்பங்கள் கதவைத் திறந்துவிட்டன என்பதையும் நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தேசாந்திரம் பின்னால் பல தொழில்களில் கட்டாயமே ஆகிவிட்டது. தச்சன், கொல்லன், செருப்புத் தைப்பவன் யாராயிருந்தாலும், சில ஆண்டுகள் ஊர் ஊராகப் போய் வேலை செய்தால்தான் ஆசான் பட்டத்துக்கு ஆசைப்படலாம். ஏட்டில் பார்த்தால் இது கல்வி. உள்ளே ஒரு சுயநலமும் இருந்தது. ஒவ்வோர் ஊரிலும் இத்தனை ஆசான்கள்தான் என்று தொழிற்சங்கங்கள் வரையறை வைத்திருந்தன. போட்டிக்கு வரக்கூடிய வாலிபர்களை இரண்டு மூன்று ஆண்டு வெளியே அனுப்பி வைத்தால், உள்ளூர் ஆசான்களுக்கு நிம்மதி!

ஆனால் அனுப்பினவர்கள் எண்ணாத ஒன்று வழியில் விளைந்தது. நகரங்களில் அந்தந்தத் தொழிலுக்கென்று சத்திரங்கள் ஏற்பட்டன. புதிதாக வருகிறவன் அங்கே போய், தன் தொழிலுக்குரிய முகமன் வார்த்தைகளைப் பிழையில்லாமல் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அவன் நம்மவன். படுக்கை உண்டு, மேஜையில் இடம் உண்டு, எந்தப் பட்டறையில் வேலை காலி என்ற தகவலும் உண்டு. சிநேகிதம் அங்கே தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரே மேஜையில் சூப் குடிப்பவர்கள் எத்தனை நாள் வாய் பேசாமல் இருப்பார்கள்?

அவர்கள் பேசியது அரசர்களுக்குப் பிடிக்கவில்லை. பாரிஸுக்கும் ஸ்விட்ஸர்லாந்துக்கும் போன ஜெர்மானியத் தொழிலாளிகள் அங்கே சங்கங்கள் சேர்ந்தார்கள். கூலியையும் குடியரசையும் பற்றி விவாதித்தார்கள். ஜெர்மானிய அரசுகளின் கூட்டமைப்பு 1835இல் ஒரு தடை போட்டது: அத்தகைய சங்கங்கள் உள்ள நாடுகளுக்குத் தொழிலாளிகள் தேசாந்திரம் போகக் கூடாது! தடையால் பலன் இல்லை. மறு ஆண்டே பாரிஸில் அவர்கள் 'நீதிமான்கள் கழகம்' ஒன்றை அமைத்தார்கள். அதில் முன்னின்றவர்களில் ஒருவர் வில்ஹெல்ம் வைட்லிங் என்ற தையற்காரர். அந்தக் கழகமே 1847இல் கம்யூனிஸ்ட் கழகமாகி, மார்க்ஸையும் எங்கெல்ஸையும் ஓர் அறிக்கை எழுதச் சொன்னது. வழிப்போக்கர்களின் நட்பு உலகத்தையே உலுக்கும் என்று அந்த அரசர்கள் பயந்தது வீண் பயம் அல்ல.

இதே காலத்தில் பழைய சங்கங்கள் க்ஷீணித்தன, சத்திரங்களும் சீரழிந்தன. அழுக்கும் மூட்டைப்பூச்சியும் குடியும் நிறைந்த அந்த விடுதிகளில் படுத்து எழுந்தவர்களில் ஒருவர் ஆடோல்ப் கோல்பிங். செருப்புத் தைக்கும் தொழிலாளியாக இருந்து பாதிரியாரானவர். 1849இல் கொலோன் நகரத்தில் தொழிலாளி வாலிபர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். தங்க இடம், படிக்கப் புஸ்தகம், பழக நல்ல தோழர்கள் என்பதுதான் அவருடைய எளிய திட்டம். அது ஊர் ஊராகப் பரவியது. கொலோனில் மினோரைட் தேவாலயத்தில் அவர் சமாதி இருக்கிறது. நான் போன அன்று சமாதியின் முன்னே சில மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன.

கோல்பிங்கின் சங்கத்தை நாடி வந்தவர்களில் ஒருவர் ஆகஸ்ட் பேபல். தாய் தந்தையரை இழந்தவர், மரம் கடையும் தொழிலாளி. 1858இல் தேசாந்திரம் புறப்பட்டார். அவர் புராட்டஸ்டண்ட், சங்கமோ கத்தோலிக்கருடையது. ஆனாலும் ப்ரைபுர்கிலும் ஸால்ஸ்புர்கிலும் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். 1860இல் லைப்ஸிக்கில் குடியேறிய பேபல், பின்னால் ஜெர்மன் சோஷலிஸ்டுகளின் பெருந்தலைவரானார். கத்தோலிக்கக் கட்சியோடு மல்லுக்கட்டினார். அப்படிப்பட்டவர் முதுமையில் தம் சுயசரிதையில் அந்தச் சங்கத்தைப் பற்றி நல்ல வார்த்தையே எழுதினார். கொள்கை வேறு, உண்ட சோறு வேறு என்று தெரிந்த மனிதர்!

இனி ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் கதைக்கு வருவோம். ரிச்சர்டு ஷிர்மன் என்பது அவர் பெயர். வெஸ்ட்பாலியாவில் ஆல்டெனா என்ற சிற்றூரில் வேலை. 1909 ஆகஸ்டில் தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு ஆகென் நகரத்துக்கு நடைப்பயணம் போனார். வழியில், ப்ரோல் பள்ளத்தாக்கில், இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. கடைசியில் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. பெஞ்சுகளை ஒதுக்கி, வைக்கோலைப் பரப்பிப் பையன்கள் தூங்கிப் போனார்கள். வாத்தியாருக்குத் தூக்கம் வரவில்லை. விடுமுறையில் நாடு முழுவதும் பள்ளிக்கூடங்கள் சும்மாத்தானே கிடக்கின்றன? ஒரு நாள் நடை தூரத்துக்கு ஒன்றாக அவற்றைத் திறந்து வைத்தால் என்ன? இடி ஓய்வதற்குள் யோசனை பிறந்துவிட்டது.

1912இல், புதுப்பித்துக் கட்டிய ஆல்டெனாக் கோட்டையிலேயே அவருடைய நிரந்தர விடுதி அமைந்தது. உலகத்தின் முதல் நிரந்தர இளைஞர் விடுதி அதுதான் என்கிறார்கள். பின்னர் உலக யுத்தம் வந்தது, வாத்தியார் சிப்பாயானார். 1915ஆம் வருஷக் கிறிஸ்துமஸ் சமயத்தில், வோஷ் மலையில் அவருடைய படையினரும் எதிரேயிருந்த பிரெஞ்சுக்காரர்களும் சுடுவதை நிறுத்திவிட்டு, ரொட்டியும் ஒயினும் பரிமாறிக்கொண்டார்கள். சகல தேசத்து இளைஞர்களும் சந்தித்துப் பழக இடம் இருந்தால் இந்தக் கொலைத் தொழில் எதற்கு என்ற எண்ணம் அங்கே அவரைப் பற்றிக்கொண்டது. 1932இல் ஆம்ஸ்டர்டாமில் பல நாட்டு விடுதிச் சங்கங்கள் ஒன்று கூடியபோது, அவரையே தலைவராக்கினார்கள்.

அடுத்த ஆண்டே ஹிட்லர் வந்தார். ஜெர்மனியின் விடுதிகள் ஹிட்லர் இளைஞர் படையின் கைக்குப் போயின. எல்லோருக்கும் என்று திறந்த கதவு யூத இளைஞர்களுக்கு மூடப்பட்டது. ஊர் ஊராகத் திரிந்த தொழிலாளிகளின் தோழமைச் சங்கங்களும் ஒடுக்கப்பட்டன. 1936இல் ஷிர்மன் சர்வதேசத் தலைமையை விட்டு விலகும்படி செய்தார்கள். விடுதியும் படுக்கையும் அதே மேஜையும் அப்படியேதான் இருந்தன. யார் உட்காரலாம் என்ற விதி ஒன்றுதான் மாறிற்று. அந்த ஒன்று மாறினதும், சிநேகம் வளர்த்த இடத்திலேயே துவேஷத்துக்குப் பயிற்சி கொடுக்க முடிந்தது. இந்தச் சரித்திரத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்த பகுதி இதுதான்.

யுத்தத்துக்குப் பின் ஷிர்மன் இடிபாடுகளுக்கிடையே விடுதிகளை மறுபடி எழுப்பப் பாடுபட்டு, 1961இல் காலமானார். ஆல்டெனாவுக்கு நானும் போனேன். லென்னே நதிக்கு மேலே கோட்டை நிற்கிறது. மலைக்குள்ளே குடைந்து 2014இல் ஒரு லிப்ட் வைத்திருக்கிறார்கள்; நான் நடந்தே ஏறினேன். பழைய படுக்கை அறையை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அடுக்குக் கனத்த மரக் கட்டில்கள். மேல் கட்டிலில் படுத்தவன் கீழே இருப்பவனிடம் பேசாமல் இறங்கவே முடியாது!

இன்றும் கறுப்புக் கார்டுராய் உடையும் முறுக்குத் தடியுமாகத் தேசாந்திரம் போகும் தச்சர்கள் உண்டு. மூன்று வருஷமும் ஒரு நாளும் சொந்த ஊருக்கு ஐம்பது கிலோமீட்டருக்குள் வரக் கூடாது. கையில் டெலிபோன் கூடாது. பெண்களும் போகிறார்கள். கொலோன் விடுதியில் அத்தகைய இளைஞன் ஒருவன் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தான். அவனுடைய அரைகுறை இங்கிலீஷும் என்னுடைய கால் ஜெர்மனும் சேர்ந்து இரவு பதினொரு மணி வரை தாக்குப்பிடித்தன. "முன்பின் தெரியாதவன் கதவைத் தட்டினால் பயப்படமாட்டார்களா?" என்று கேட்டேன்.

"பயப்படுவார்கள். அதனால்தான், நான் போகும்போது கெட்ட பெயர் வைக்காமல் போக வேண்டும். எனக்குப் பின்னால் ஒருவன் வருவானே!" என்றான்.

ஐந்நூறு வருஷத்துச் சரித்திரம் அந்த ஒரு வார்த்தையில் அடங்கிவிட்டது. ஷோன்கௌவர் சகோதரர்கள் திறந்த கதவு, பேபல் சாப்பிட்ட மேஜை, வாத்தியார் பரப்பிய வைக்கோல் எல்லாம் முன்னால் போனவன் பின்னால் வருகிறவனுக்கு விட்டுச் சென்ற ஆஸ்திதான். அதை ஒரு தலைமுறை கெடுக்கவும் முடியும், கெடுத்தும் காட்டியது. மறுபடி கட்டியும் காட்டியிருக்கிறார்கள். தனியாகப் புறப்படுகிறவர்கள் தைரியமாகப் புறப்படட்டும். ஆனால் விடுதியை விட்டுக் கிளம்பும்போது, தாங்கள் படுத்த படுக்கையை அடுத்தவனுக்காக ஒழுங்காக மடித்து வைத்துவிட்டு வரட்டும்.